சந்தனம் பூசிய துவக்கு

மகன்,

அந்தக் குளிர்நாட்டில் இருந்து நீ அனுப்பிய நாலு துவக்குப் படங்களும் வந்து சேர்ந்தன. தாரா வாத்து சுடவும் காட்டு வான்கோழி சுடவும் பொதுவாக எது நல்லது, எதை நம்பி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் வாட்சப்பில் சொல்லமாட்டேன். அங்கே எழுதினால் உனக்குப் பிடித்த நாலு வரியை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் எல்லாரும் வாசிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன். உன்னோடு பள்ளிக்கூடம் போன பெடியள் வாசிக்கட்டும். கீர்த்தனாவும் வாசிக்கட்டும். இன்னும் ஆறு கிழமையில் அவள் உனக்கு மனைவி, எனக்கு மருமகள். அவளுக்குத் தெரியக்கூடாத எதுவும் இதில் இல்லை. அவளுக்குத் தெரியவேண்டிய ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் துவக்குக் கதையோடு தொடங்குகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கீர்த்தனாவின் அப்பா நல்ல சந்தோசத்தில் இருந்தார். கலியாணம் முடிந்ததும் உன்னைத் தாரா வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவாராம், வசந்தத்தில் வான்கோழிக்குப் போவீர்களாம். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தங்கச்சி, துவக்கெண்டால் அம்மாட்டைத்தான் கேக்கவேணும் எண்டு உங்கடை மோன் சொல்லுறார். உங்களுக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும்?" நான் வாயைத் திறப்பதற்குள் நீ குறுக்கே பாய்ந்தாய். "அம்மா ஒரு அவொக்காத்தோவின்ரை, அதுதான் லோயரின்ரை, ஒஃபிசிலை வேலை செய்தவா, மாமா. அங்கை வாற ஆக்கள் எல்லாம் வேட்டைக்காரர்." அதோடு பேச்சை மண்டப அலங்காரத்துக்குத் திருப்பிவிட்டாய். நான் சிரித்துக்கொண்டு இருந்தேன். போனை வைத்ததும் உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "ஒஃபிஸ்காரி, ஒரு தேத்தண்ணி போடுமன்." இன்றுவரைக்கும் அவருக்கு நான் ஒஃபிஸ்காரிதான். இங்கே மொண்டெல்லோக் கடற்கரையில் அவர் மீன் பொரிக்கிற கடையிலும் அந்தப் பெயர் பரவிவிட்டது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ சொன்னது பொய்.

உனக்கு நன்றாகத் தெரியும். அவொக்காத்தோவின் அலுவலகம் கீழ் மாடி, அவருடைய வீடு மேல் மாடி. பதினொரு வருடம் நான் மேல் மாடியில் வேலைக்காரி. கீழே போனது தரை துடைக்கிற தடியோடு மட்டும். அந்தக் குசினியில், சமையல் மேசைக்குக் கீழே இருந்துதான் நீ வாய்ப்பாடு பாடமாக்கினாய். எனக்கு முன்னால் அங்கே வேலை செய்தவளின் பெயர் மரியா. அதனால் நானும் மரியா. "எனக்கு வேறை பெயர் இருக்கு, சிஞ்ஞோரா" என்று முதல் மாதம் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். "இது சுகமாக வாயில் வருகிறது" என்றார் அந்த மனுசி. குவெஸ்தூராவில், அதுதான் பொலிஸ் கந்தோரில், பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விடியற்காலையில் இருந்து வரிசையில் நிற்கும்போதுகூட என் முழுப்பெயரை, பிழையாகத்தான் என்றாலும், ஒரு பொலிஸ்காரன் கூப்பிடுவான். அந்த வீட்டில் அதுவும் இல்லை. இந்த நகரத்து நல்ல வீடுகளின் சலவைக்கல் தரைகள் பளபளக்கிறதே, அதற்குள் யாழ்ப்பாணத்துப் பெண்களின் முழங்கால் வலியும் மன்னாரில் இருந்து வந்தவர்களின் முதுகு வலியும் இருக்கிறது. அதில் வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை. கோபம் வருகிறது, எழுதிவிட்டேன். இனித் துவக்குக்கு வருகிறேன்.

அவொக்காத்தோவுக்கு வேட்டைப் பைத்தியம். இரும்புப் பெட்டியைத் தானே திறந்து, ஒவ்வொரு துவக்கையும் வெறுமையாக்கி, தோட்டா இல்லை என்று எனக்குக் காட்டி, என் கையில் தருவார். பிறகு அதே மேசையில் பேப்பர் படிப்பார். நான் துடைப்பேன். முதல் நாள் அதைத் தொடவே பயந்தேன். எங்கள் ஊரில் துவக்கோடு ஆள் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சை அடக்கி இருந்தவள் நான். இங்கே அது எண்ணெய்த் துணிக்குள் பிள்ளை மாதிரிப் படுத்திருந்தது. மூன்று மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டப் பழகிவிட்டேன். மிக்ஸியைக் கழற்றிக் கழுவுகிற கைக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எது எங்கே தேய்கிறது, எதில் உப்பு பிடிக்கிறது, எது சும்மா அழகுக்கு என்று ஒரு பொருளைத் துடைக்கிறவளுக்குத்தான் தெரியும். சுடுகிறவனுக்குத் தெரியாது.

இப்போது உன் படங்கள். முதலாவது, வால்நட் மரப் பிடியும் கண்ணாடி மாதிரி மினுங்குகிற குழலும் உள்ளது. அதை வாங்காதே. சேற்றுக்குள்ளும் மழைக்குள்ளும் கொண்டுபோகிற பொருளுக்கு மினுக்கம் வேண்டாம். மேலே பறக்கிற தாரா அந்த வெளிச்சத்தைக் கண்டு திரும்பிவிடும். வான்கோழியின் கண் அதைவிடக் கூர்மை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டாவது, மூன்றரை அங்குலத் தோட்டா போடுகிற பெரியது. கடைக்காரன் அதைத்தான் உன் தலையில் கட்டப் பார்ப்பான். உனக்கு அது வேண்டாம். பன்னிரண்டு போர் என்கிற குழல் அளவு, மூன்று அங்குலத் தோட்டா, அவ்வளவும் போதும். மூன்றரையை ஒரு காலை முழுக்க அடித்தால் உன் தோள் நீலம் பாய்ந்துவிடும், பிறகு அடிக்கப் பயந்து கண்ணை மூடுவாய். கண்ணை மூடிச் சுடுகிறவன் வேட்டைக்காரன் இல்லை, ஆபத்து. மூன்றாவது, குட்டைக் குழல் உள்ள கறுப்புத் துவக்கு. அது சினிமாவில் பொலிஸ்காரன் பிடிக்கிறது. அதோடு தாரா வேட்டைக்குப் போனால் உன் மாமனார் என்ன நினைப்பாரோ, எனக்குத் தெரியாது.

நாலாவதை வாங்கு. கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிற பம்ப் துவக்கு, பழையதுதான், ஒருவர் பாவித்ததுதான். மங்கல் கறுப்பு, பிளாஸ்டிக் பிடி, இருபத்தாறு அங்குலக் குழல். தாராவுக்கு இருபத்தெட்டு நல்லது என்பார்கள், வான்கோழிக்குப் பற்றைக்குள் குந்தியிருக்கக் குட்டை நல்லது என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இதுதான் சரி. அதைவிட முக்கியம், நீ இடக்கையன். கடையில் இருக்கிற முக்கால்வாசித் துவக்கும் வலக்கையனுக்காகச் செய்தது. சுட்ட தோட்டாவின் வெறுங்கோது வலப்பக்கத்தால் பறந்து உன் கண்ணுக்கு முன்னால் போகும். நாலாவதில் கோது கீழே விழுகிறது. பாதுகாப்புப் பூட்டும் மேலே, பெருவிரலுக்கு நேரே இருக்கிறது. எந்தக் கைக்கும் சரி. நீ படத்தில் நிறத்தைப் பார்த்திருப்பாய். நான் பூட்டு எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். நாலு வயதில் நீ இடக்கையால் எழுதினபோது, ஊரில் செய்கிற மாதிரி உன் கையில் அடித்து மாற்றப் பார்த்தவள் நான். அது பிழை. அந்தப் பிழைக்கு இப்போது ஒரு நல்ல துவக்குக் காட்டிக் கணக்குத் தீர்க்கிறேன் என்று வைத்துக்கொள்.

கடைக்குப் போனால் தடித்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு போ. மெல்லிய சேர்ட்டில் அளவாக இருக்கிற பிடி, குளிருடுப்பில் அக்குளில் சிக்கும். ஆளில்லாத பக்கம் குழலைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வை. கண்ணைத் திறந்தால் குழலின் நுனி நேரே தெரியவேண்டும். கழுத்தை வளைத்துத் தேடவேண்டி வந்தால் அது உனக்கான துவக்கு இல்லை. பிறகு இழுத்துத் தள்ளிப் பார். மெதுவாக இல்லை, கோபத்தோடு. பம்ப் துவக்கு பிழைக்கிறது அனேகமாக ஆளின் பிழையால்தான். பாதி இழுத்துவிட்டுத் தள்ளினால் கோது நடுவில் சிக்கும். கடைசிவரைக்கும் இழு, கடைசிவரைக்கும் தள்ளு. குழலின் வாயில் திருகிப் பூட்டுகிற, தோட்டாவின் சன்னக் குண்டுகள் பரவாமல் ஒடுக்குகிற வளையங்கள் இரண்டு வாங்கு. தாராவுக்கு நடுத்தரமானது, வான்கோழிக்கு மிக இறுக்கமானது. நீர்ப்பறவைக்கு ஈயச் சன்னம் கூடாது, இரும்புச் சன்னம்தான். அந்த இரும்பை இறுக்கமான வளையத்துக்குள்ளால் அடிக்காதே, குழல் கெடும். தோட்டா மூன்றுக்கு மேல் ஏறாதபடி உள்ளே ஒரு கட்டை இருக்கவேண்டும் என்று உனக்கு லைசென்ஸ் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். சால்வோவின் துவக்குக்குள் இருந்த கட்டை நான் தரை கூட்டுகிற தும்புத்தடியில் வெட்டின துண்டு.

சால்வோவை உனக்கு மறந்திருக்காது. அவொக்காத்தோவின் நாட்டுப்புறக் காணியைப் பார்த்துக்கொண்டவன், உனக்குக் கொடிமுந்திரிகைக் குலை கொண்டுவந்து தருவானே, அவன். அவனிடம் ஒரு பழைய பம்ப் துவக்கு இருந்தது. பிடி வெடித்து, கறுப்பு நாடா சுற்றியிருக்கும். அவொக்காத்தோவிடம் இருந்தது தானாகவே கோதை எறிந்து அடுத்ததை ஏற்றுகிற விலைகூடின சாமான், இரும்பில் பூவேலைப்பாடு வேறு. "சால்வோ, அது துவக்கா, சைக்கிள் பம்பா? மேசன்மாருக்குத்தான் சரி" என்று விருந்தாளிகளுக்கு முன்னால் நக்கலடிப்பார். சால்வோ தொப்பியைக் கழற்றிச் சிரிப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

உனக்கு ஒன்பது வயதாக இருந்த வருடம், சரஸ்வதி பூசை ஒரு சனிக்கிழமை வந்தது. வீட்டில் பூசை செய்ய லீவு தரமாட்டார்கள். சரி, வேலை செய்கிற இடத்திலேயே ஆயுதங்களுக்குப் பொட்டு வைப்போம் என்று ஒரு சின்னக் கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் கொண்டுபோனேன். ஸ்திரிப்பெட்டி, கத்தி, தூசி உறிஞ்சுகிற மெஷின் எல்லாவற்றுக்கும் வைத்தேன். மேசையில் அடுத்த நாள் வேட்டைக்குத் துடைத்த துவக்குகள் இருந்தன, சால்வோவினுடையதும் சேர்த்து. அவொக்காத்தோ வாசலில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார். இதுவும் ஆயுதம்தானே? மண் கிண்டுகிற அலவாங்குக்கு வைத்தால் நுனியில் வைப்போம், தையல் மெஷினுக்கு வைத்தால் ஊசி ஓடுகிற இடத்தில் வைப்போம். வேலை எங்கே நடக்கிறதோ அங்கே பொட்டு. அதனால் துவக்குகளுக்கும் கோது வெளியே வருகிற வாய்க்குள், உள்ளே ஓடுகிற இரும்பின் மேல், நல்ல தடிப்பாக, பக்தியோடு அப்பிவிட்டேன். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவர் வந்து பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஒரு இரவுக்குள் சந்தனம் காய்ந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். சீமெந்து.

அடுத்த நாள் விடிய, அந்தக் காணியின் குளக்கரையில் இருந்த கல்வீட்டுக்கு என்னையும் சமைக்கக் கூட்டிப்போனார்கள், குசினியில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலால் எல்லாம் தெரிந்தது. தாராக் கூட்டம் இறங்கியது. அவொக்காத்தோ எழும்பினார், ஒரு வெடி. பிறகு சத்தம் இல்லை. இழுக்கிறார், தட்டுகிறார், ஒவ்வொரு புனிதரின் பெயராகச் சொல்லித் திட்டுகிறார். அந்த அழகான துவக்கு பாதி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. விருந்துக்கு வந்த டாக்டரின் துவக்குத்தான் தப்பியது, அது அவர் வீட்டில் இருந்து வந்தது. ஆனால் அவருக்குக் குறி தெரியாது. சால்வோ தன் சைக்கிள் பம்பைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தான். கர்ரக் என்றது. மஞ்சள் தூள் பறந்தது. தள்ளினான், சுட்டான். இழுத்தான், தள்ளினான், சுட்டான். திரும்பவும் அப்படியே. மூன்று வெடி, மூன்று தாரா. மகன், நீ கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். தானாக ஓடுகிற துவக்குக்கு எல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும், யாரோ ஒருத்தி தினமும் துடைத்து வைக்கவேண்டும். பம்ப் துவக்கு மனிசனின் கைப்பலத்தில் ஓடுகிறது. அழுக்கையும் சேற்றையும் உப்பையும், உன் அம்மாவின் பக்தியையும் சேர்த்துத் தாங்கும்.

இனி நான் வெட்கப்படுகிற இடம். அவொக்காத்தோ துவக்கின் வாய்க்குள் விரலை விட்டு, மஞ்சளைச் சுரண்டி எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தார். "மரியா, இது என்ன?" "தெரியாது, அவொக்காத்தோ" என்றேன். தெரியாதாம்! என் கிண்ணம், என் சந்தனம், என் சாமி. எதுவும் எனக்குத் தெரியாதாம். உடனே அவர் சால்வோவின் மேல் பாய்ந்தார். பொறாமையில் களிமண் பூசிவிட்டாய் என்று எல்லாருக்கும் முன்னால் கத்தினார். சால்வோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு தாராக்களைக் குசினியில் வைக்க வந்தவன், தன் பெருவிரலை மூக்கில் வைத்து மணந்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "நல்ல வாசம். உங்கள் சாமி ஊர்வலத்தில் வருகிற அதே வாசம்." அவனுக்கு அப்போதே தெரியும். வெளியே போய்ச் சொல்லவில்லை. பேச்சு வாங்கிக்கொண்டு எனக்காக நின்றான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பாஸ்தாச் சட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "நான்தான். எங்கள் பண்டிகை. வேலை செய்கிற சாமானுக்கு மரியாதை செய்கிற நாள். சால்வோவிடம் மன்னிப்புக் கேளுங்கோ." அந்தக் கடைசி வசனம் எங்கே இருந்து வந்தது என்று இன்றும் தெரியாது. டாக்டர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு எல்லாரும். அவொக்காத்தோ மன்னிப்புக் கேட்கவில்லை, அப்படிப்பட்ட ஆட்கள் கேட்கமாட்டார்கள். ஆனால் சால்வோவின் கோப்பையில் தானே வைன் ஊற்றினார். நான் மூன்று நாள் இருந்து அந்தத் துவக்கை ஊசியால் சுரண்டினேன். அடுத்த வருடம் பூசைக்கு முதல் நாள் சால்வோ மேல் மாடிக்கு ஏறி வந்தான். "சிஞ்ஞோரா, எனக்கு மட்டும் ஒரு பொட்டு. ஆனால் வெளியில், மரத்தில்." அந்த வீட்டில் என்னை மரியாதையாகச் சிஞ்ஞோரா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவன். நான் அந்த வேலையை விடுகிற வரைக்கும் ஒவ்வொரு வருடமும் வைத்தேன்.

இவ்வளவும் எழுதி எல்லாருக்கும் வெளியிட வைத்திருந்தபோது, வியாழக்கிழமை மத்தியானம் போர்கோ வெக்கியோ சந்தையில் மீன்காரனுக்கு முன்னால் நின்றேன். போன் அடித்தது. உன் மாமனார். "தங்கச்சி, பெடியனுக்குச் சொல்லாதேங்கோ. என்ரை துவக்கும் குளிருக்கை இறுகுது. என்ன செய்யலாம்?" எண்ணெய் எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டேன். "நல்லா ஊத்துவன்." "அதுதான் அண்ணை. குளிரிலை எண்ணெய் தடிச்சுப்போம். எல்லாத்தையும் துடைச்சுப்போட்டு ஒரு துளி மட்டும் விடுங்கோ." அவருக்குப் பெரிய சந்தோசம். "ஒஃபிசிலை இதுவும் சொல்லித்தந்தவையோ?" என்றார்.

மீன்காரன் கத்தியோடு காத்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்: "அண்ணை, ஒஃபிசுமில்லை ஒண்டுமில்லை. நான் அந்த வீட்டிலை வேலைக்காரி. துவக்குத் துடைச்சனான்." பிறகு சந்தனக் கதை முழுவதையும் அங்கேயே நின்று சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சரி, சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, மனுசன் சிரித்துச் சிரித்து மூச்சு எடுக்க முடியாமல் இருக்கிறார். "தங்கச்சி, நான் வந்த புதிசிலை ஆறு வருசம் ஹொட்டேலிலை கக்கூஸ் கழுவினனான். என்ரை பெட்டைக்கு நான் அங்கை மனேச்சராய் இருந்தனான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்." "இப்ப போய்ச் சொல்லுங்கோ" என்றேன். "இண்டைக்கோ?" "இண்டைக்குத்தான்." பின்னேரம் திரும்ப எடுத்தார். கீர்த்தனாவிடம் சொல்லிவிட்டாராம். அவள் சாப்பிட்டுக்கொண்டே தலையை நிமிர்த்தாமல், "எனக்கு எட்டு வயசிலேயே தெரியும் அப்பா. உங்கடை பழைய யூனிஃபோமைப் பாத்தனான்" என்றாளாம். அந்தப் பிள்ளையை எனக்கு இன்னும் கூடப் பிடித்துவிட்டது. உன் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் சிரித்து, தேத்தண்ணியை அவரே போட்டார்.

கலியாணத்துக்கு வரும்போது ஒரு சந்தனக் கட்டை கொண்டுவருகிறேன். சரஸ்வதி பூசை உங்கள் தாரா வேட்டைக் காலத்தில்தான் வருகிறதாம். உன் மாமனார் இப்போதே கேட்டு வைத்துவிட்டார், இரண்டு துவக்குக்கும் பொட்டு வேண்டுமாம். வெளியில், பிடியில் மட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நாலாவது துவக்கை வாங்கி, பூட்டிவை. தோட்டாவை வேறாகப் பூட்டு. வாங்கிக்கொண்டு முதல் ஆளாக மாமனாரிடம் போய்க் காட்டு. இதை யார் தெரிந்து தந்தது என்று அவர் தெரியாத மாதிரிக் கேட்பார். கேட்கச் சொல்லி நான்தான் சொல்லியிருக்கிறேன். அப்போது நீ என்ன சொல்வாய் என்று நானும் மாமனாரும் கீர்த்தனாவும் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நீ பொய்யாகக் கட்டின அந்தக் கீழ் மாடி ஒஃபிசில் இப்போது வேறு ஒருவரும் இல்லை, மகன். நான் வெளியே வந்துவிட்டேன், உன் மாமனார் வந்துவிட்டார், கீர்த்தனா உள்ளே போகவே இல்லை. நீ ஒருவன்தான் இன்னும் அங்கே இருக்கிறாய். லைட்டை நிற்பாட்டிவிட்டு வெளியே வா. தரையை நான் எப்போதோ துடைத்துவிட்டேன், பயப்படாமல் மிதித்து வரலாம்.

உன் அம்மா,
ஒஃபிஸ்காரி